டிரையம்ஃப் போனவில்லுக்குப் புதுக் கிக்கர் மாட்டுவது: காட்டர் பின்னை உட்கார வைக்கும் முழு முறை

டிரையம்ஃப் போனவில் என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளில் கிக்கர் மாற்றுவது பார்ப்பதற்கு அரைமணி நேர வேலை. ஒரு நட்டைக் கழற்றி, ஒரு பின்னைத் தட்டி எடுத்து, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் முடிந்தது. பலரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் கிக்கர் ஆடத் தொடங்குகிறது. நட்டை இறுக்குகிறார்கள், மறுபடி ஆடுகிறது, இன்னும் இறுக்குகிறார்கள், மரை போய்விடுகிறது. கடைசியில் ஷாஃப்டே தேய்ந்து, கியர்பாக்ஸின் வெளி மூடியைத் திறக்க வேண்டியதாகிவிடுகிறது.

கிக்கரை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். கிக்கரை ஷாஃப்டோடு பிடித்து வைக்கும் குறுக்குப் பின்னான காட்டர் பின்னை, அந்த ஷாஃப்டுக்கு ஏற்றபடி அரத்தால் ராவி உட்கார வைப்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியே போகும்.

நான் சொல்வது 1963 மாடலில் இருந்து வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் 650 சிசி டி120 வண்டிக்கும், அதன் பிறகு வந்த 750 சிசி டி140 வண்டிக்கும் பொருந்தும். இரண்டிலும் கிக்கர் வலப்பக்கம்தான். பழைய புல்லட்டோ பிஎஸ்ஏவோ வைத்திருப்பவர்கள், உங்கள் கிக்கரின் தலையில் குறுக்காக ஒரு பின்னும் அதன் நுனியில் ஒரு சின்ன நட்டும் இருந்தால், இதே முறையைப் பின்பற்றலாம். அப்படி இல்லாமல் ஷாஃப்டைச் சுற்றிப் பல் வெட்டியிருந்தால் நேராக 10ஆம் பகுதிக்குப் போங்கள்.

பழைய சைக்கிளில் பெடல் கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் காட்டர் பின்னைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே ஏற்பாடுதான். ஷாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாக வெட்டியிருக்கும். உருண்டையான காட்டர் பின்னின் ஒரு பக்கமும் சாய்வாக, தட்டையாகச் செதுக்கியிருக்கும். கிக்கரின் தலையில் இருக்கும் குறுக்குத் துளை வழியாகப் பின்னை உள்ளே தள்ளும்போது, இந்த இரண்டு தட்டைகளும் ஒன்றோடொன்று அழுந்தி உட்காரும். நீங்கள் உதைக்கும் விசை முழுவதும் இந்த இரண்டு தட்டைகள் வழியாகத்தான் ஷாஃப்டுக்குப் போகிறது. நட்டு எதையும் தாங்குவதில்லை. பின் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை.

1. கெட்டிருப்பது கிக்கர்தானா?

வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ‘கிக்கர் நழுவுகிறது’ என்று சொல்லிப் புதுக் கிக்கர் வாங்கி வருபவர்களில் பலருக்குக் கிக்கரில் கோளாறே இருப்பதில்லை.

சாவியை அணைத்துவிட்டு, ஷாஃப்டின் முனையையும் கிக்கரின் தலையையும் துடையுங்கள். இரண்டுக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரே நேர்கோடு போடுங்கள். அப்புறம் கையாலோ காலாலோ கிக்கரை மெதுவாக அழுத்துங்கள்.

கோடு உடைந்து, கிக்கர் நகர்ந்து ஷாஃப்ட் அப்படியே நின்றால், கோளாறு காட்டரிலோ கிக்கரிலோ இருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

கோடு நேராகவே இருக்கிறது, ஆனால் உள்ளே ‘கடகட’ என்று பல் தாவும் சத்தம் வருகிறது என்றால், கியர்பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் அரைவட்டப் பல்சக்கரமோ, அது கடிக்கும் ராட்செட்டோ (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல் அமைப்பு) தேய்ந்திருக்கிறது. எந்தக் கிக்கர் போட்டாலும் அது சரியாகாது.

கோடும் நேராக இருக்கிறது, சத்தமும் இல்லை, கிக்கர் மட்டும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிடுகிறது என்றால் கிளட்சைச் சந்தேகப்படுங்கள். இந்த வண்டிகளில் உதை கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டுக்குப் போய், கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கிளட்ச் வழுக்கினால் உதை இன்ஜினுக்குப் போய்ச் சேராது. முதலில் கிளட்ச் கேபிளில் கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் விறைத்துக்கொண்டு இருந்தால் பிளேட்டுகள் முழுதாக அழுந்தாது. சும்மா கேபிளைத் தளர்த்தியே தீர்ந்துபோன ‘கிக்கர் கோளாறு’கள் நிறைய.

கிக்கர் மேலே திரும்பி வராவிட்டால் அது ரிட்டர்ன் ஸ்பிரிங். அதுவும் மூடிக்குள் இருக்கும் வேலை.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியது

டி120, டி140 என்ற எழுத்துகள் இன்ஜினின் இடப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே, இன்ஜின் எண்ணோடு சேர்த்துப் பொறித்திருக்கும். கடைக்காரரிடம் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல் அந்த எழுத்தையும் எண்ணையும் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆண்டு கிக்கரின் வளைவும் பெடலும் மாறியிருக்கின்றன. போதாக்குறைக்கு, உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் வேறு ஆண்டின் கியர்பாக்ஸ் மூடியை மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஷாஃப்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, அந்த அளவையும் கையோடு கொண்டு போங்கள்.

1976 மாடலில் இருந்து கியர் லீவர் இடப்பக்கமும், பிரேக் பெடல் வலப்பக்கமும் போய்விட்டன. கிக்கர் வலப்பக்கமே இருந்துவிட்டது. கிக்கர் சுற்றி வரும் பாதையில் என்ன இருக்கிறது என்பது இதனால் மாறும்.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மூன்றைப் பாருங்கள். ஷாஃப்ட் போகும் துளைக்குள் குரோம் படிந்திருக்கிறதா? குறுக்குத் துளையின் விளிம்பு வட்டமாக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா? மடக்குப் பெடல் என்றால், விரித்து வைத்தால் நிற்கிறதா, தானே மடங்குகிறதா? பிரிட்டனில் ஆட்டோஜம்பிள் என்று நடக்கும் பழைய உதிரிபாகச் சந்தைகளில் பழைய அசல் கிக்கர்களும் கிடைக்கும். பளபளப்பு போயிருந்தாலும் துளை நன்றாக இருக்கும் பழைய அசல், மின்னும் புதியதைவிட மேல் என்பது என் கருத்து. ஆனால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

‘உதைக்க லேசாக இருக்கும்’ என்று நீளமான கிக்கர்களும் விற்கிறார்கள். லேசாக இருப்பது உண்மைதான். கால் போகும் தூரம் கூடும். அத்துடன், உதையின் அடியில் உங்கள் முழு எடையும் இறங்கும்போது, உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்கும் அதன் தடுப்புக்கும் போகும் முறுக்கு விசையும் அதே அளவுக்குக் கூடும். டியூனிங் சரியாக இருக்கும் போனவில்லுக்கு அசல் நீளமே போதும்.

காட்டர் பின் இரண்டு வாங்குங்கள். நட்டோடு சேர்த்து வாங்குங்கள். ஒன்றை அதிகமாக ராவிவிட்டால் அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். சைக்கிள் கடைக் காட்டர் கிட்டத்தட்ட அதே தடிமனில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். அதன் சாய்வு இந்த வண்டிக்கு வெட்டியதல்ல. பெடலை மிதிப்பதும் 650 சிசி இன்ஜினை உதைப்பதும் ஒன்றல்ல.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நைஸ் பல் வைத்த தட்டை அரம் ஒன்று, புதிதாக இருந்தால் நல்லது. வாய்க்குச் செம்புத் தகடோ அலுமினியத் தகடோ போட்ட பெஞ்ச் வைஸ். கனமான ஜி கிளாம்ப். பின் நுழையும் அளவுக்கு உள்வாய் உள்ள பழைய சாக்கெட் ஒன்று. பித்தளைக் கம்பித் துண்டு, சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய், மார்க்கர் பேனா, எமரித் தாள்.

ஸ்பேனர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தைய டி120 வண்டிகளில் பிரிட்டிஷ் சைக்கிள் மரையும், அதற்கு விட்வொர்த் ஸ்பேனரும். 1960களின் பிற்பாதியில் இருந்து படிப்படியாக யுஎன்எஃப் என்ற வேறு அங்குல மரை வகைக்கு மாறினார்கள். படிப்படியாக என்றால், ஒரே வண்டியில் இரண்டும் இருக்கும். 5/16 அங்குல அளவில் சைக்கிள் மரைக்கு அங்குலத்துக்கு 26 சுற்று, யுஎன்எஃபுக்கு 24. ஒன்றின் நட்டு மற்றதில் இரண்டு சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் காட்டரின் மரை அங்கேயே போய்விடும். புது நட்டு கையாலேயே கடைசி வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது அந்தப் பின்னுக்கான நட்டு இல்லை.

மெட்ரிக் ஸ்பேனர் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டவில்தான் நட்டின் மூலைகள் உருண்டு போகின்றன.

துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் ராத்திரியே காட்டரின் இரு முனைகளிலும் விட்டு வையுங்கள். வேலை தொடங்கும்போது தெளித்து உடனே அடிப்பதில் பயனில்லை. எண்ணெய் ஊறி உள்ளே போக நேரம் வேண்டும்.

4. வண்டியை நிறுத்தி அடையாளம் வைப்பது

சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். நியூட்ரல். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவே கிக்கரைப் பலமுறை அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது இன்ஜின் பற்றிக்கொள்ளக் கூடாது.

இப்போது பழைய கிக்கர் ஓய்வாக நிற்கும் கோணத்தைப் பக்கவாட்டில் இருந்து போட்டோ எடுங்கள். பெடலின் நுனியில் இருந்து ஃப்ரேமில் ஏதாவது ஒரு போல்ட் வரைக்கும் அளந்து எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது, காட்டர் எந்தப் பக்கத்தில் இருந்து போயிருக்கிறது, நட்டு முன்பக்கமா பின்பக்கமா என்பது. காட்டரின் தட்டை சாய்வானது என்பதால், அதே பின்னைத் திருப்பி எதிர்ப்பக்கத்தில் இருந்து செருகினால் கிக்கரின் கோணம் மாறிவிடும். எவ்வளவு? பின்னின் சாய்வைப் போல இரண்டு மடங்கு. கிக்கரின் நுனியில் அது நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். புதுக் கிக்கர் முன்னால் சாய்ந்து காலில் இடிக்கிறது அல்லது பின்னால் படுத்துக்கொண்டு பாதி உதைதான் கிடைக்கிறது என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பின்னை எந்தப் பக்கம் இருந்து போட்டீர்கள் என்றுதான்.

5. பழைய காட்டரை வெளியே எடுப்பது

நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள். அதன் மேல்முகம் பின்னின் நுனிக்குச் சமமாக வரும் வரை மட்டும் தளர்த்துங்கள். தட்டும்போது அடி நட்டும் மரையும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும், மரை மட்டும் தனியாக நசுங்காது.

முதலில் ஜி கிளாம்ப். ஒரு வாய் நட்டின் மேல். மறுவாய்க்கும் கிக்கரின் தலைக்கும் நடுவே சாக்கெட்டை வையுங்கள். பின் வெளியே வரும்போது அந்தச் சாக்கெட்டுக்குள் போக வேண்டும். கிளாம்பை நன்றாக இறுக்கிவிட்டு, கிளாம்பின் தலையில் சுத்தியலால் ஒரு சின்னத் தட்டு. பெரும்பாலும் ‘டக்’ என்று விடும்.

விடவில்லை என்றால்தான் சுத்தியல். அதுவும் தனியாக வேண்டாம். இன்னொருவர் எதிர்ப்பக்கம் கனமான சுத்தியல் ஒன்றைக் கிக்கரின் தலையோடு, பின்னுக்கு வழி விட்டு, அணைத்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் பித்தளைக் கம்பியை நட்டின் மேல் வைத்து ஒரே அடியாக, உறுதியாக அடியுங்கள். பத்து சின்னத் தட்டு பின்னின் முனையை விரித்து இன்னும் இறுகச் செய்யும். தாங்கிப் பிடிக்காமல் அடித்தால் அந்த அடி முழுதும் ஷாஃப்டுக்கும், ஷாஃப்டைத் தாங்கும் அலுமினிய மூடிக்கும் போகும். ஷாஃப்ட் வளைவதும் மூடியில் விரிசல் விழுவதும் இந்த இடத்தில்தான்.

அதற்கும் அசையாத பின்னைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். மரை உள்ள பகுதியை அறுத்துவிட்டு, பின்னின் நடுவில் புள்ளி அடித்து, சின்ன டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். உள்ளே வெற்றிடம் வந்ததும் பின் தன் இறுக்கத்தை விடும். துளை ஷாஃப்டுப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்பு காட்டுவது எனக்குப் பிடிக்காத வழி. இந்த வண்டிகளில் இருக்கும் அமல் கம்பெனி கார்பரேட்டர்கள் பெட்ரோல் கசியாமல் இருப்பது அபூர்வம், பக்கத்திலேயே ரப்பர் சீலும் இருக்கிறது.

காட்டர் பின் வெளியே வந்த பிறகும் கிக்கர் உருவ வராமல் அடம் பிடித்தால், ஸ்க்ரூடிரைவரை மூடியில் ஊன்றி நெம்பாதீர்கள். இரண்டு மர ஆப்புகளை எதிரெதிரே செருகி, மாற்றி மாற்றித் தட்டினால் வந்துவிடும். கிக்கர் வந்ததும் ஸ்பிரிங் தெறித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பல்சக்கரம் தன் தடுப்பில் சாய்ந்து நிற்பதால் ஷாஃப்ட் அங்கேயே இருக்கும்.

6. ஷாஃப்டின் தட்டையைப் படிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். ஷாஃப்டைத் துடைத்து, தட்டையில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். விரல் நகத்தை ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்கு இழுத்துப் பாருங்கள்.

பிசிறு மட்டும் இருந்தால் அரத்தைப் படுக்க வைத்து, பிசிறை மட்டும் எடுங்கள். தட்டையை ‘நேர் செய்கிறேன்’ என்று ராவக் கூடாது. கூட்டைத் திறக்காமல் மாற்ற முடியாத பாகம் அது. ராவ வேண்டியது மலிவாகக் கிடைக்கும் பின்னை.

ஒரு விளிம்பு உருண்டு போயிருந்தால், அதாவது தட்டை நடுவில் இருந்து ஒரு பக்கம் சரிந்திருந்தால், ஆடிய கிக்கரோடு யாரோ ரொம்ப நாள் உதைத்திருக்கிறார்கள். அகலத்தில் பெரும்பகுதி நன்றாக இருந்தால் இன்னும் பிழைக்கலாம். பாதிக்குமேல் போயிருந்தால் புதுக் கிக்கரை எடுத்து வைத்துவிட்டு, வெளி மூடியைத் திறந்து ஷாஃப்டை மாற்றும் வேலைக்குத் தயாராகுங்கள். அந்த நிலையில் மாட்டும் எந்தக் காட்டரும் நிற்காது.

அப்படியே ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கும். கையில் ‘லொடக்’ என்று தெரிந்தால், ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது.

7. காட்டர் இல்லாமல் வெறுமனே மாட்டிப் பார்ப்பது

புதுக் கிக்கர் கை அழுத்தத்திலேயே ஷாஃப்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். ஷாஃப்டை உள்பக்கமாக அடிப்பதற்குச் சமம் அது. துளைக்குள் குரோம் படிந்திருக்கும். எமரித் தாளை ஒரு குச்சியில் சுற்றி, சுற்றிச் சுற்றித் தேய்த்துக் குரோமை மட்டும் எடுங்கள். குறுக்குத் துளைக்குள்ளும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் பின் குரோமில் சிக்கி நிற்பதை, தட்டையில் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இதற்கு நேரெதிராக, கிக்கர் ஷாஃப்டில் லொடலொடவென்று ஆடினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காட்டர் அந்த இடைவெளியை அடைக்காது. ஒரு பக்கம் தள்ளி மறைக்கும், அவ்வளவுதான்.

ஏறிய பிறகு குறுக்குத் துளை வழியாகப் பாருங்கள். ஷாஃப்டின் தட்டை துளையின் ஒரு ஓரத்தில், அகலம் முழுக்கத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் கிக்கர் போதுமான அளவு உள்ளே போகவில்லை, அல்லது அதிகமாகப் போய்விட்டது. கிக்கரின் தலை மூடியில் உரசவும் கூடாது.

இப்போது பழைய காட்டரையோ, ராவாத புதிய காட்டரையோ கையால் மட்டும் செருகி, கிக்கரை மேலிருந்து கீழ் வரை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். வலது ஃபுட்ரெஸ்ட், சைலன்சர், பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட், உங்கள் வண்டிக்கேற்ப கியர் லீவர் அல்லது பிரேக் பெடல் என எதிலும் இடிக்கக் கூடாது. ஒரு விரல் நுழையும் இடமாவது இருக்கட்டும். வண்டி அதிரும்போதும், வேகமாக உதைக்கும்போதும் அந்த இடைவெளி குறையும். கீழே வந்ததும் கிக்கர் உள்ளே இருக்கும் தடுப்பில்தான் நிற்க வேண்டும், சைலன்சர் மேல் அல்ல.

மடக்குப் பெடலை மடித்து வைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து வலது காலை ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். கெண்டைக்கால் இடித்தால் ஒவ்வொரு சிக்னலிலும் இடிக்கும். இடித்தால் கிக்கரை வளைத்துச் சரிசெய்யலாம் என்று பழுக்கக் காய்ச்சாதீர்கள். வார்ப்பில் செய்ததாக இருந்தால் உடையும், குரோமும் போகும். அது வேறு வண்டிக்கான கிக்கர். மாற்றி வாங்குங்கள்.

இந்தச் சுற்றை முடித்த பிறகுதான் காட்டரில் அரம் வைக்க வேண்டும். ராவிய பின்னை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

8. காட்டரை ராவுவது

புதுக் காட்டரின் தட்டை முழுவதும் மார்க்கர் மையைப் பூசுங்கள். தட்டை ஷாஃப்டைப் பார்க்கும்படி செருகி, பித்தளைக் கம்பியால் இரண்டு தட்டு. பின்னை வெளியே தள்ளிப் பாருங்கள். மை எங்கே உரசிப் போயிருக்கிறதோ, அங்கே மட்டும்தான் அது ஷாஃப்டைத் தொடுகிறது.

முதல் முறையில் பெரும்பாலும் ஒரு மூலையில் மட்டும் சின்னக் கோடாகப் போயிருக்கும். அந்த நிலையிலேயே நட்டை இறுக்கி விடுபவர்கள்தான் அடுத்த வாரம் ஆட்டம் என்று வருகிறார்கள். முழு உதையும் அந்தச் சின்னக் கோட்டில் விழுகிறது, கோடு நசுங்குகிறது, இடைவெளி பிறக்கிறது.

பின்னை வைஸில் தட்டை மேலே வரும்படி, வைஸின் வாய்க்கு இணையாகப் பிடியுங்கள். அரத்தை முன்னோக்கி மட்டும், ஒரே நேராக, தட்டையின் முழு நீளத்துக்கும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது தூக்கி விடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் உருண்டையாகவும் போகும். அதன் பிறகு அந்தத் தட்டை எங்கும் முழுதாக உட்காராது. உரசிய பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கொடுங்கள். நாலைந்து தள்ளு போதும். மறுபடி மை, மறுபடி செருகல், மறுபடி பார்ப்பது.

பொறுமை வேண்டிய இடம் இது. உரசல் தடம் அகலம் முழுக்கவும், நீளத்தில் பெரும்பகுதியிலும் பரவும் வரை இப்படியே போக வேண்டும். பின்னின் தலைப்பக்கம் கிக்கருக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. முதல் சில உதைகளில் பின் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், அதற்கு இடம் வேண்டும். மறுமுனையில் வாஷரும் நட்டும் முழுதாக ஏறும் அளவுக்கு மரை தெரிய வேண்டும். நட்டு, மரை முடியும் இடத்துக்குப் போய் முட்டி நிற்கிறது, கிக்கரின் தலையை அழுத்தவில்லை என்றால் இன்னொரு வாஷர் போடுங்கள்.

பின்னின் தலை முழுக்க உள்ளே போய்விட்டதா? அதிகமாக ராவிவிட்டீர்கள். தகரத் துண்டை இடையில் வைத்து ஒப்பேற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தகரம் ஒரு மாதத்தில் நசுங்கி வெளியே வந்துவிடும். இரண்டாவது காட்டரை எடுங்கள்.

9. கடைசியாகப் பொருத்தி, உதைத்துப் பார்ப்பது

மையையும் இரும்புத் தூளையும் துடைத்துவிடுங்கள். பின்னின் உருண்டைப் பக்கத்தில் துரு பிடிக்காமல் இருக்க மெல்லிசாகக் கிரீஸ் தடவலாம். தட்டைகள் இரண்டும் காய்ந்தே இருக்கட்டும். இதில் கருத்து வேறுபாடு உண்டு. என் வழக்கம் இதுதான்.

கிக்கரை ஏற்றி, நீங்கள் குறித்து வைத்த பக்கத்தில் இருந்து பின்னைச் செருகுங்கள். எதிர்ப்பக்கம் கனமான சுத்தியலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் மாறும் வரை அடித்து உட்கார வையுங்கள். பின் உட்காராதபோது அடி மந்தமாகக் கேட்கும். உட்கார்ந்ததும் ‘ணங்’ என்று கெட்டியாகக் கேட்கும். அதற்கு அப்புறம் ஸ்பிரிங் வாஷரும் நட்டும். நட்டை வைத்துப் பின்னை உள்ளே இழுக்காதீர்கள். அந்தச் சின்ன மரைக்கு அவ்வளவு பலம் கிடையாது. பின் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும், நட்டு அதைப் பிடித்தால் போதும்.

ஷாஃப்டுக்கும் கிக்கருக்கும் குறுக்கே மறுபடி மார்க்கர் கோடு போடுங்கள். சாவி போடாமல், கம்ப்ரெஷனுக்கு எதிராகப் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக உதையுங்கள். அடுத்து நட்டைப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும். பின்னை இன்னொரு முறை அடித்து உட்கார வைத்து நட்டை இறுக்குங்கள். கோடு உடையாமல் இருந்தால் வேலை சரி. ஐம்பது மைல் ஓட்டிய பிறகு இதையே மறுபடி செய்யுங்கள். இந்த இரண்டாவது இறுக்கலை மறப்பவர்கள் அதிகம். அதுவரை ஒழுங்காகச் செய்த வேலை அங்கே வீணாகிறது.

உண்மையாக ஸ்டார்ட் செய்யும்போது கிக்கரை மெதுவாக அழுத்தி, உள்ளே பல் கடிப்பதையும் கம்ப்ரெஷன் எதிர்ப்பதையும் காலில் உணருங்கள். அதை மெல்லத் தாண்டி, கிக்கரை மேலே வரவிட்டு, மறுபடி பல் கடித்த பிறகு அடி வரை ஒரே சீராக உதையுங்கள். மேலே இருந்து குதித்து மிதித்தால் பல் பாதி கடித்த நிலையிலேயே முழு எடையும் இறங்கும். குளிர்ந்த காலையில் சாவி போடுவதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு உதை. எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளேட்டுகள் பிரியும்.

கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறதா? காட்டரைக் குறை சொல்வதற்கு முன் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு முழு அட்வான்ஸ், அதாவது தீப்பொறி அதிகபட்சமாக முந்தி விழும் இடம், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 38 டிகிரி முன்னால். பாயின்ட் இக்னிஷன் உள்ள வண்டியில், வேகம் கூடும்போது தீப்பொறியை முந்த வைக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், ஸ்டார்ட் செய்யும்போதே அந்த 38 டிகிரியில் தீப்பொறி விழும். பிஸ்டன் திரும்பி வரும், உங்கள் கால் மேலே போகும். எவ்வளவு அழகாக ராவிய காட்டரும் அப்படி நாலு அடி வாங்கினால் தளர்ந்துவிடும்.

10. காட்டர் இல்லாத வண்டிகள்

நார்ட்டன் கமாண்டோ மாதிரி வண்டிகளில் ஷாஃப்டைச் சுற்றிப் பல் வெட்டியிருக்கும். கிக்கரின் தலை பிளந்திருக்கும், ஒரு போல்ட் அதை இறுக்கிப் பிடிக்கும். அரத்துக்கு வேலையில்லை. கோணத்தைப் பல் பல்லாக நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பார்க்க வேண்டியது அந்தப் பிளவைத்தான். போல்ட்டை முழுதாக இறுக்கிய பிறகும் பிளவில் கொஞ்சம் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு உதடும் ஒட்டிவிட்டால், போல்ட் கிக்கரைத்தான் இறுக்குகிறது, ஷாஃப்டை அல்ல. அப்படியானால் துளை பெரிது, அல்லது பல் தேய்ந்திருக்கிறது. மாட்டும்போது ஏறவில்லை என்று பிளவில் ஸ்க்ரூடிரைவரை அடித்து அகலப்படுத்தவும் கூடாது. வார்ப்புத் தலை அங்கே விரிசல் விட்டு, நடுவழியில் உடையும். பற்களுக்கு நடுவே இருக்கும் குரோமையும் அழுக்கையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, போல்ட்டை முழுதாக எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

காட்டர் வண்டிக்காரர்கள் மிச்சமிருக்கும் இரண்டாவது பின்னையும் அன்றைக்கே, அதே ஷாஃப்டுக்கு மை பூசிப் பார்த்து ராவி, நட்டோடு எண்ணெய்த் துணியில் சுற்றி டூல் பையில் போட்டு வையுங்கள். வழியில் காட்டர் போனால், ராவாத பின்னையும் அரம் இல்லாத கையையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.